இறக்கு என்று யார் சொல்வது

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுகிறேன். பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. என்னைப் பிடித்திருந்த ஜலதோஷம் விட்டுவிட்டது. அப்பாவின் முதுகுவலி பரவாயில்லை. அம்மாவுக்கு மட்டும் உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை. வருவதற்கு அவள் நேரம் கொடுத்தால்தானே. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இந்த முறை முக்கியமான செய்தி இருக்கிறது. கல்லூரி விடுதியின் வார்டன் நம் பேக்கரிக்கு வந்திருந்தார். ஜனவரியில் விடுதிக்குப் புதுக் கட்டடம் திறக்கிறார்களாம். அத்தனை பேருக்கும் தினமும் இரண்டு வேளை ரொட்டி நாம் தர முடியுமா என்று கேட்டார். நம் அடுப்பு போதாது. ஆனால் விடுதிக்குப் பக்கத்திலேயே மூடிக் கிடக்கும் ஒரு பேக்கரி வாடகைக்கு வருகிறது, செங்கல் அடுப்போடு. அம்மா, "யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள். வார்டன் படியிறங்கியதும் என்னிடம், "என்ன யோசிக்கிறது. என்கிட்ட ரெண்டு கைதான் இருக்கு" என்றாள்.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. இங்கே எதுவும் மாறவில்லை என்று காட்ட ஒரு மதிய நேரத்தை எழுதுகிறேன். எனக்குக் கட்டுரைப் பயிற்சியாகவும் இருக்கும்.

பாட்டுக்காரர் மாவு பிசைகிறார். இப்போதும் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டேதான் பிசைகிறார், மாவு பதத்துக்கு வந்தால்தான் முனகல் நிற்கிறது. கல்லாவில் சில்லறை அண்ணன், வருகிறவர்களிடம் எல்லாம் சில்லறை கேட்கிறார். அடுப்புக்கு முன்னால் அனல் அக்கா. நேரம் ஆனதும் அவர், "மொதலாளியம்மா" என்று ஒரு குரல் கொடுப்பார். அம்மா கையிலிருப்பதை எங்கே இருக்கிறதோ அங்கேயே போட்டுவிட்டு வருவாள். ஒரு ரொட்டியை எடுத்துத் துணியில் கவிழ்ப்பாள். விரல் முட்டியால் அடியில் தட்டி, வெந்த சத்தம் வருகிறதா என்று காதைச் சாய்ப்பாள். அந்த நேரத்தில் அவள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கும் டாக்டர் மாதிரி இருப்பாள். நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். பிறகு அவள் "இன்னும்" என்பாள், அல்லது "இறக்கு" என்பாள். அவள் சொல்லாமல் இந்தக் கடையில் ஒரு ரொட்டியும் வெளியே வந்ததில்லை. நீங்கள்தான் அறிவீர்களே.

உங்கள் ஏப்ரன் அதே ஆணியில் தொங்குகிறது. அம்மா அதை எடுத்துத் துவைக்கிறாள், தேய்க்கிறாள், மறுபடி மாட்டுகிறாள். யாருக்கும் கொடுப்பதில்லை.

அம்மா உங்களை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அக்கா மகள்

---

ஜூன் 27

அன்புள்ள புத்தகப்புழுவுக்கு,

மாமா எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் காப்பி குடித்தால் மத்தியானம் வரை தாங்குகிறது, மத்தியானம் சாப்பிட்டால் ராத்திரி வரை தூக்கம் வருகிறது.

உன் கட்டுரை நன்றாக இருந்தது. மூக்கில் மாவு வாசனை வந்தது. இங்கே பிஸ்கட் ஆலையில் யாரும் எதையும் தட்டுவதில்லை. மணி அடித்தால் கதவு திறக்கும், பிஸ்கட் வரிசையாக வெளியே வரும். நான் கறை படாத சட்டை போட்டுக்கொண்டு நின்று பார்ப்பேன். ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்கு வருவேன். சம்பளம் நல்ல சம்பளம்.

கடல் தாண்டி ஒரு புது ஆலை தொடங்குகிறார்கள். அங்கே ஒரு பிரிவுக்கு என்னைப் பொறுப்பாகப் போகச் சொல்கிறார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். டிசம்பருக்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். போடாமலிருக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

வார்டனுக்கு உன் அம்மா என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். நீ வீணாக ஆசையை வளர்த்துக்கொள்ளாதே.

இன்னொன்று. உன் அம்மா என்னைக் கேட்டதாக எழுதியிருக்கிறாய். அவள் கேட்கமாட்டாள். நீ நல்ல பெண், உனக்குப் பொய் எழுத வரவில்லை. படிப்பில் கவனம் வை.

மாமா

---

ஜூலை 10

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன் கோபித்துக்கொள்கிறேன். ஐந்து வருடம் என்றால் நான் பள்ளியையும் முடித்து, கல்லூரியிலும் பாதி தாண்டியிருப்பேன். இப்போது விசாரிக்கிறேன்: சௌக்கியமா?

நூலகத்தில் சிறு தொழிலை வளர்ப்பது பற்றி ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. எனக்கு முன்னால் அதை யாருமே எடுத்ததில்லை. எல்லா வேலையையும் தானே செய்கிறவர் முதலாளி இல்லை, அதிக நேரம் வேலை செய்யும் ஒரு தொழிலாளி என்று அதில் எழுதியிருக்கிறது. ஒருநாள் முழுவதும் தான் செய்கிற வேலைகளை எழுதி, தன்னால் மட்டுமே முடிகிறவற்றைச் சுற்றி வட்டம் போட வேண்டுமாம். மீதியைப் பிறரிடம் கொடுத்துவிட வேண்டுமாம். அம்மா எழுத உட்கார மாட்டாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை நானே பென்சிலோடு அவள் பின்னால் போனேன்.

"என்னடி, வால் மாதிரி பின்னாடியே வர்றே?"

"நீ என்னென்ன பண்றேன்னு எழுதறேம்மா."

"ஏன், போலீஸ்ல சேந்துட்டியா?"

தாளின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. மாவு சலிப்பதை மேற்பார்ப்பது, முட்டைக்காரரோடு சண்டை, பெட்டிக்கு நாடா கட்டுவது, ஒரு பன் கெட்டியாக இருந்ததென்று வந்தவருக்குச் சமாதானம் சொல்வது, எரியாத பல்பைக் கழற்றுவது. எழுத எழுத எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனையையும் செய்துவிட்டு ராத்திரி என் தலையையும் வாரிவிடுகிறாளே என்று நினைத்தேன். சாயங்காலம் அவளிடம் தாளைக் கொடுத்து, உன்னால் மட்டும் முடிவதற்கு வட்டம் போடு என்றேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு, பொறுமையாக, எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டாள்.

"வாசல் பெருக்கறதுக்குக் கூடவாம்மா?"

"பாட்டுக்காரர் பெருக்கினா மூலையை விட்டுடுவாரு."

மாமா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் ஆறாவது படிக்கும்போது அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். அன்று நீங்கள்தான் தட்டிப் பார்த்து ஒரு ஈடு ரொட்டியை இறக்கினீர்கள். அம்மா போர்வையைப் போர்த்துக்கொண்டே கடைக்கு வந்து, நீங்கள் அடுக்கி வைத்திருந்த ரொட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். கல்லாவில் ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லா ரொட்டியும் சரியாகத்தான் இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்த பிறகு ஏன் அந்த வாரமே ஊரை விட்டுப் போனீர்கள்?

அம்மா உங்களைக் கேட்கவில்லை. ஆனால் நான் உறையை ஒட்டும்போது பக்கத்தில் நிற்கிறாள்.

அக்கா மகள்

---

ஆகஸ்ட் 21

அன்புள்ள மாமாவுக்கு,

என் போன கடிதம் வந்து சேர்ந்ததா? பதில் இல்லாததால், சேரவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் நன்றாக இருப்பதாகவும் வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் பரிசளிப்பு. நூலகத்தில் அதிகப் புத்தகம் எடுத்ததற்காக எனக்கு ஒரு பரிசு. அம்மா எந்த வருடமும் வந்ததில்லை. இந்த முறை, "ஒரு மணி நேரந்தானே" என்று புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் தலைமை விருந்தினர் வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பிறகு அவர் பேசினார். பிறகு மறுபடி பேசினார். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெயரைக் கூப்பிட்டதும் கையைத் தட்டிக்கொண்டே எழுந்து வெளியே நடந்தாள்.

தெருமுனையிலேயே வாசனை வந்துவிட்டது. நாங்கள் ஓடினோம். உள்ளே புகை. அனல் அக்கா, பாட்டுக்காரர், சில்லறை அண்ணன் மூவரும் அடுப்புக்கு முன்னால் வரிசையாக நின்றிருந்தார்கள். அக்கா கையில் ரொட்டி இறக்கும் நீளப் பலகை இருந்தது. அடுப்பு மூடியே இருந்தது. அம்மா கதவைத் திறந்தாள். உள்ளே அத்தனையும் கரி.

"வெந்துருச்சுன்னு தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது, மொதலாளியம்மா" என்றார் அனல் அக்கா.

"எப்போ?"

"எப்பவோ."

"நான் அப்பவே சொன்னேன், வாசனை மாறிருச்சுன்னு" என்றார் சில்லறை அண்ணன். பாட்டுக்காரர் அவர் காலை மிதித்தார்.

"தெரிஞ்சும் ஏன் இறக்கலை?"

அனல் அக்கா அழுதுவிட்டார். "நீங்க இறக்குன்னு சொல்லலையே."

மாமா, அம்மா கத்துவாள் என்று நான் பயந்தேன். அவள் கத்தவில்லை. ஒரு கரிக்கட்டியை எடுத்துத் துணியில் கவிழ்த்தாள். பழக்கத்தில் தட்டினாள் போலிருக்கிறது. பிறகு அதை அப்படியே பிடித்துக்கொண்டு, புதுப் புடவையோடு, மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"உங்க மேல தப்பில்லை. உங்க வாய்க்கெல்லாம் பூட்டுப் போட்டவ நான்" என்றாள்.

சாயங்காலம், நான் ஜூலையில் எழுதிய அந்தத் தாளைக் கேட்டாள். எங்கே வைத்தேன் என்று தேடிக் கொடுத்தேன். வட்டங்களை ஒவ்வொன்றாக அடித்தாள். வாசல் பெருக்குவதை முதலில் அடித்தாள். கடைசியில் ரொட்டியைத் தட்டிப் பார்ப்பது மட்டும் பாக்கியிருந்தது. அதன்மேல் பென்சிலை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். நான் கொட்டாவி விட்டுப் படுக்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தேன். அதுவும் அடிபட்டிருந்தது.

என் அம்மாவைப் போல ஒருத்தியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அக்கா மகள்

---

செப்டம்பர் 2

அன்புள்ள புழுவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. பரிசுக்கு என் வாழ்த்து. இங்கே வெயில் குறைந்து காற்று அடிக்கிறது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ கேட்டதற்கு அப்புறம் எழுதுகிறேன்.

மறுநாள் மதியம் யார் இறக்கு என்று சொன்னது?

மாமா

---

செப்டம்பர் 15

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இவ்வளவு சிறியதாக இருந்தும் அதை மூன்று முறை படித்தேன். இங்கே சௌக்கியத்துக்குக் குறைவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில்: மறுநாளும் அம்மாதான் சொன்னாள். அதற்கு அடுத்த வாரமும் அவள்தான். ஆனால் அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள்.

அனல் அக்காவைத் தட்டச் சொல்கிறாள் அம்மா. அக்கா தட்டுகிறார். தட்டிவிட்டு ரொட்டியைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார். அம்மாவின் புருவம் கொஞ்சம் ஏறினால் "இன்னும்", இறங்கினால் "இறக்கு". ஒருநாள் கூடத் தவறவில்லை. அம்மாவுக்குப் பரம சந்தோஷம். நான்தான் கோள் சொன்னேன். "அம்மா, அக்கா ரொட்டியைக் கேக்கலை. உன் புருவத்தைப் படிக்கிறாங்க."

மறுநாள் அம்மா ஒரு காலி மாவுப்பையை உதறித் தலையில் கவிழ்த்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். "இப்பத் தட்டு" என்றாள் பைக்குள்ளிருந்து. அந்த நேரம் பார்த்து வார்டன் வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சில்லறை அண்ணனிடம், "என்னங்க, உங்க முதலாளிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"பயிற்சிங்க" என்றார் அண்ணன் முகத்தை மாற்றாமல். "சில்லறையா இருக்கா?"

பைக்குள் இருந்தாலும் அம்மா கனைத்தாள். கனைத்தால் "இன்னும்" என்று அக்கா கண்டுபிடித்துவிட்டார். ஆகவே அம்மா கடையை விட்டே வெளியேறினாள். ஈடு வேகிற நேரத்தில் எதிர் வரிசைத் தையல் கடையில் போய் உட்காருகிறாள். அங்கிருந்து நம் கடை தெரியும், சத்தம் கேட்காது. சும்மா உட்காராதே என்று தையல்கார அம்மாள் ஊசியில் நூல் கோக்கக் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் அக்கா பயந்துபோய் முன்னதாகவே இறக்கிவிட்டார். ரொட்டியெல்லாம் வெளிறி, அமுக்கினால் பள்ளம் விழுந்தது. அம்மா திரும்பி வந்து பார்த்தாள். அவள் கை தன்னால் முட்டி மடங்கியது. அதை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பாட்டுக்காரரின் முனகல் நின்றுவிட்டது.

"துண்டு போடு. ரஸ்க் பண்ணிடலாம்" என்றாள். பிறகு அக்காவிடம் சொன்னாள்: "இதான் நல்ல தப்பு. வேகாததை மறுபடி உள்ளே தள்ளலாம். கருகினதை என்ன பண்றது? தப்புப் பண்றதா இருந்தா இப்படியே முந்திக்கிட்டுப் பண்ணு. என்னைக் கேக்கணும்னு மட்டும் நிக்காதே."

இதை நான் என் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். எந்த அத்தியாயத்திலும் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடலாமா என்று கூட நினைத்தேன். நூலகப் புத்தகம் என்பதால் எழுதவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஊர் ரஸ்க் தின்றது. நேற்றிலிருந்து ரொட்டி.

ஆகவே, மாமா, இப்போது அனல் அக்காதான் சொல்கிறார். முதலில் மெதுவாகச் சொன்னார். இப்போது தெருவுக்கே கேட்கிறது.

நீங்கள் அப்புறம் எழுதுவதாகச் சொன்னதை எழுதவில்லை.

அக்கா மகள்

---

அக்டோபர் 20

அன்புள்ள புழுவுக்கு,

நீ நலமாயிருப்பது எனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை பார்த்தேன். பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, நடந்துகொண்டே படித்தபடி பள்ளியிலிருந்து வந்தாய். அப்படிப் படிக்காதே, கம்பத்தில் முட்டிக்கொள்வாய்.

ஆலை வேலையாக உங்கள் ஊர் வழியாகப் போக வேண்டியிருந்தது. பஸ் மாறக் கொஞ்சம் நேரம் இருந்ததால் நம் தெருப்பக்கம் வந்து மருந்துக் கடை வாசலில் நின்றேன். நீ எழுதியதை நான் முழுக்க நம்பவில்லை என்று வைத்துக்கொள்.

என் அக்கா தையல் கடையில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். ரொட்டி வேகும் வாசனை தெருவுக்கு வந்தது. அது பதத்துக்கு வந்த நொடி எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும். ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். வலதுகை மேசையை ஒரு தட்டுத் தட்டியது. இடதுகையை எடுத்து அதன்மேல் வைத்து அமுக்கிக்கொண்டாள். எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். நிச்சயமாக நினைத்தேன். உள்ளேயிருந்து வேறொரு குரல் "இறக்கு" என்றது. அவள் ஊசியை எடுத்து மறுபடி நூல் கோக்க ஆரம்பித்தாள்.

அவளுக்கு அடுத்துப் பிறந்து, கூடவே வளர்ந்தவன் நான். அவள் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான் என்று எனக்குத் தெரியும். அன்று நான் இறக்கியதை ஆட்கள் முன்னால் தட்டிப் பார்த்ததும் அதே கைதான்; ஏன் போனேன் என்று நீ கேட்டதற்குப் பதில் அதில் இருக்கிறது.

வீட்டுக்கு வராமல் போனதற்குத் திட்டாதே. பஸ் வந்துவிட்டது.

ஒப்பந்தக் காகிதம் மேசையில் இருக்கிறது. என் பேனாவில் மை தீர்ந்துபோயிருக்கிறது, வாங்க வேண்டும்.

மாமா

---

நவம்பர் 1

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் இனி பேனாவுக்கு மை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே விடாத மழை, ஆனாலும் யாருக்கும் இருமல் கூட இல்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டு என்று நீங்கள் எழுதவில்லை. காட்டாதே என்றும் எழுதவில்லை. ஆகவே காட்டினேன். அவள் நின்றபடியே படித்தாள். மடித்துக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

"எங்க நின்னானாம்?"

"மருந்துக் கடை வாசல்ல."

அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "குடை வெச்சிருந்தானா?"

"அதை எழுதலைம்மா."

"அன்னைக்கு நீ உள்ளே வந்ததும் மழை பிடிச்சுது" என்றாள்.

வார்டனுக்குச் சரி என்று சொல்லியாகிவிட்டது. விடுதிப் பக்கத்துக் கடைக்கு வாடகை ஒப்பந்தமும் ஆகிவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று சொல்லி வைத்ததில் இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் நல்ல வேலைக்காரர்கள் என்று பாட்டுக்காரர் சொன்னார். அம்மா அவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "ரொட்டி பதமாயிருச்சு, நான் ஊர்ல இல்லை. என்ன பண்ணுவீங்க?"

"நீங்க சொல்லாம கை வைக்க மாட்டேன், மேடம்" என்றார் ஒருவர். இன்னொருவர், "போன் பண்ணிக் கேட்டுக்குவேன்" என்றார். அம்மா இருவருக்கும் ஆளுக்கொரு ரொட்டி கொடுத்து அனுப்பிவிட்டாள். போன வருடமாக இருந்தால் இருவரையும் அன்றே சேர்த்திருப்பாள்.

அவர்கள் போன பிறகு சில்லறை அண்ணன் சொன்னார், "கேக்காம இறக்கற ஆள்னு எனக்கு ஒருத்தரைத்தான் தெரியும்." பாட்டுக்காரர் மறுபடி அவர் காலை மிதித்தார். அம்மா ஆணியில் தொங்கிய ஏப்ரனைப் பார்த்தாள்.

இன்று காலையில் என்னிடம் ஒரு தாள் கேட்டாள். கோடு போட்டதா, போடாததா என்று கேட்டேன். "எதுவா இருந்தா என்ன. கோணலா எழுதினாலும் அவனுக்குப் புரியும்" என்றாள்.

அக்கா மகள்

---

நவம்பர் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அன்று நனைந்திருப்பாய். தலையைத் துவட்டாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாய். சளி பிடித்ததா?

விடுதிப் பக்கத்தில் கடை எடுத்திருக்கிறேன். பழைய அடுப்பு. இடது மூலையில் சூடு அதிகம். இதைச் சொல்லக்கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன், சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

சாவி என்னிடம் இருந்தால் நான் போய்த் திறந்து பார்ப்பேன் என்பதால் உன் புழுவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். நீ வந்தால், வருகிற அன்று நான் அங்கே இருக்க மாட்டேன். மறுநாளும் வர மாட்டேன். நீ கூப்பிட்டால் வருவேன். அக்கா வாசலில் கூட வந்து நிற்கவில்லையே என்று அப்போது நீ நினைத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் காய்ச்சல் வந்த அந்த நாளைப் பற்றிக் கீழே நாலு வரி எழுதி அடித்திருக்கிறேன். உனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றால் சந்தோஷமாகப் போய்வா. போடவில்லை என்றால், ஏப்ரன் தேய்த்து இருக்கிறது.

அக்கா

---

நவம்பர் 24

அக்காவுக்கு,

சளி பிடித்தது, விட்டுவிட்டது.

அடித்த வரிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீ எதைச் செய்தாலும் அழுத்தமாகச் செய்கிறவள், ஓர் எழுத்துக் கூடத் தெரியவில்லை. பரவாயில்லை. போதும்.

காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் காரணம் கேட்டார். வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்றேன்.

டிசம்பர் கடைசியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம். புழு மட்டும் சாவியோடு வரட்டும். இடது மூலைச் சூட்டை நானே கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்கிறேன்.

தம்பி

---

ஜனவரி 4, காலை
(ரொட்டிப் பெட்டியோடு)

புழுவுக்கு,

ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. இங்கே அடுப்பை விட்டு நகர முடியவில்லை. விடுதியிலிருந்து வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு நேற்றே தட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன், ஆனால் அவள் என் முகத்தையே பார்க்கிறாள். மாவுப்பை ஒன்று தேட வேண்டும்.

முதல் ஈடு விடுதிக்குப் போய்விட்டது. பெட்டியில் இருப்பது அக்காவுக்கு. அவள் அதை என்ன செய்கிறாள் என்று எழுது. என்ன சொல்கிறாள் என்று எழுத வேண்டாம்.

மாமா

---

ஜனவரி 4, மதியம்
(காலிப் பெட்டியோடு)

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா என்று கேட்க இன்று எனக்குப் பொறுமை இல்லை.

பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் வந்துவிட்டார்கள். பாட்டுக்காரர் கையில் மாவோடு வந்தார். அனல் அக்கா பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். சில்லறை அண்ணன், கல்லாவில் நின்ற ஒருவரிடம், "ஒரு நிமிஷம் இருங்க, இங்க ஒரு பரீட்சை நடக்குது" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒருவரும் எட்டிப் பார்த்தார்.

அம்மா ரொட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். துணியை விரித்தாள். முனகல் நின்றது. அவள் வலதுகை விரல்கள் மெதுவாக மடங்கின. தட்டிவிடாதே அம்மா, தட்டிவிடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"கத்தியை எடுடி" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். ரொட்டியைக் கவிழ்க்காமல், நேராக வைத்து, துண்டு போட்டாள். எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தாள், எட்டிப் பார்த்தவருக்கும். இரண்டு ஓரத் துண்டுகளையும் தானே எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். இங்கே நம் இரண்டாம் ஈடு வெந்துகொண்டிருக்கிறது. அவள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆணி காலியாக இருக்கிறது. அதில் என் பள்ளிப் பையை மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னதை எழுத வேண்டாம் என்றீர்கள். ஒன்றைத் தவிர மற்றதை எழுதவில்லை. உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். இதை நானாகச் சேர்க்கவில்லை.

அக்கா மகள்